குளத்துக்கு ஒரு மூட்டை

நாலு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது. மூன்று மாதத் தீவனப் பாக்கி. தர வேண்டியவர் கொழுந்தனார், பெற வேண்டியவர் அண்ணி. கேட்டால் உறவு கசக்கும் என்று அண்ணி கேட்காமலே இருந்தார். அண்ணிதான் கேட்கவில்லையே என்று கொழுந்தனாரும் கொடுக்காமலே இருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பண்ணையின் மூன்றாம் குளத்தில் ஒன்றரை டன் மீன் வயிறு வெளுக்க மிதந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. உங்கள் தீவனம்தான் கொன்றது, ஒரு பைசா தர மாட்டேன் என்றார் கொழுந்தனார். அதோடு நிற்காமல் அண்ணியின் தீவன ஆலைமேல் எழுத்தில் புகாரும் கொடுத்துவிட்டார்.

இன்று புதன். மாலை நாலு மணிக்கு அதிகாரி வந்து ஆலைக்குச் சீல் வைப்பார். இப்போது மணி பன்னிரண்டே கால்.

"மூணே முக்கால் மணி நேரம் இருக்கு," என்றார் மூட்டை. "லாரியில லோடு ஏத்துன காலத்துல இதுக்குள்ள நானூறு மூட்டை ஏத்தியிருப்பேன். இப்ப ஒரே ஒரு துப்பு கிடைக்கணும். அதுக்கே மூச்சு வாங்குது."

மேடம் யோசித்தபடியே ஆலை வாசலைப் பார்த்து நடந்தார். ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் அவருக்கு மேடம் என்பதைத் தவிர வேறு பெயர் யாருக்கும் வரவில்லை. மூட்டைக்கு அந்தப் பெயர் வந்தது இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியதால். முதுகு இனி முடியாது என்று சொன்ன பிறகுதான் மேடத்திடம் உதவியாளாகச் சேர்ந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது நாற்பது வயதுக்குமேல். இன்னமும் அவர் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் பக்கத்தையே புரட்டிவிடுவார்கள்.

ஆலை என்றால் பெரிய ஆலை ஒன்றும் இல்லை. தகரக் கூரை, ஒரு அரவை எந்திரம், தீவனத்தைக் குருணையாகப் பிழிகிற எந்திரம் ஒன்று, மூட்டை வாய் தைக்கிற எந்திரம் ஒன்று, ஒன்பது ஆட்கள். நுழைந்ததுமே வெந்தய வாசனை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆலைக்காரம்மா, அதாவது அண்ணி, நிறையப் பேசவில்லை. வெந்தயத்தையும் கருஞ்சீரகத்தையும் இளம் சூட்டில் வறுத்து அரைத்து, நூறு கிலோ தீவனத்துக்கு இரண்டு கிலோ சேர்க்கிறோம், மீன் நன்றாகத் தின்னும், தோல் புண் சீக்கிரம் ஆறும் என்றார். முன்பெல்லாம் ஆலையிலேயே கலந்து அனுப்பிவந்தார். எந்திரச் சூட்டில் மணம் போய்விடுகிறது என்பதால் இந்த மாதம்தான் முதன்முதலாக அந்த விதைப்பொடியைத் தனி மூட்டையாக அனுப்பியிருக்கிறார். தீவனம் போடும்போது கொஞ்சம் எண்ணெய் விட்டு அங்கேயே பிசறிக்கொள்ள வேண்டியது. திங்கள்கிழமை மதியம் வண்டி போனது. எப்போதும்போலக் கூடவே ஒரு சீட்டும் போனது. செவ்வாய் விடிந்ததும் மீன் மிதந்தது.

"சோதனை முடிவு வர பத்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும் பூட்டுன்னு சொல்றாங்க," என்றார். "பத்து நாள் மீனைப் பட்டினி போட முடியுமா? மத்த பண்ணையெல்லாம் வேற தீவனத்துக்குப் போயிடும். மீனுக்கு நாக்கு பழகிட்டா அப்புறம் என் தீவனத்தை மோந்துகூடப் பார்க்காது. பாக்கி வராட்டியும் பரவாயில்ல மேடம். இந்தக் கதவு மூடக் கூடாது."

மூட்டை, சாக்கு வாய் தைக்கிற எந்திரத்தருகில் நின்றுகொண்டிருந்தார். சிவப்பு நூலும் வெள்ளை நூலும் பின்னிப் பின்னிச் சாக்கின் வாயை மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முனையைச் சரியாகப் பிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் ஒரே இழுப்பில் கழன்று வரும். தப்பான முனையைப் பிடித்தால் பல்லால் கடித்தாலும் வராது. அவர் வாழ்க்கையில் திறந்த வாய்களில் பாதி இந்த வகை. சாக்கின் முதுகில் நீலத்தில் ஒரு மீன் முத்திரை, அதன் கீழே ஆலையின் பெயர்.

பண்ணைக்குப் போய்ச் சேர ஒன்றேகால் ஆகிவிட்டது.

கொழுந்தனார் வாசலிலேயே மறித்தார். நாற்பது வயது, ராத்திரி முழுக்கத் தூங்காத கண். அண்ணி அனுப்பிய ஆட்களுக்கு இங்கே காபி கிடையாது, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்றார். மேடம் தலையாட்டினார். எங்களுக்குக் காபி ஒத்துக்கொள்ளாது என்று மூட்டை பணிவாகச் சொல்லிவைத்தார்.

மூன்றாம் குளம் அரை ஏக்கர். செத்த மீனைக் கரையில் குவித்துச் சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். இன்னும் எடுக்காதவை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. காற்றடிக்கிற மூலையில் தண்ணீரில் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. கரையில் ஒரு காலிச் சாக்கு கிடந்ததாம். நீல மீன் முத்திரை போட்ட சாக்கு. அதுதான் சாட்சி என்று கொழுந்தனார் அலுவலக அலமாரியில் பூட்டிவைத்திருந்தார்.

மேடம் குவியலைப் பார்க்கவில்லை. குளத்தின் வடக்கு மூலையில் நாலு கழி நட்டு, வலை கட்டி, ஒரு கூண்டு இருந்தது. அதற்குள்ளும் இருநூறு மீன் செத்துக் கிடந்தது.

"இது என்ன?" என்றார்.

உயிரோடு விற்க வைத்திருந்தவை என்றார் கொழுந்தனார். வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு நாள் பட்டினி போட்டுத் தனியாக வைப்பார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் போகிற வழியில் தொட்டித் தண்ணீர் கெடாது. ஞாயிறு சாயந்தரத்திலிருந்து பட்டினி. சிதறுகிற குருணைகூட உள்ளே போகாதபடி பொடிக் கண் வலை.

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"சாப்பிடாம செத்தவன் சாவுக்குச் சமையக்காரன் மேல புகார் குடுத்திருக்கீங்க," என்றார் மூட்டை.

மேடம் அந்தக் கூண்டிலிருந்து ஒரு மீனை எடுத்துக் கத்தியால் வயிற்றைக் கீறினார். காலி. இன்னொன்று. அதுவும் காலி. கொழுந்தனார் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது.

"அப்ப தண்ணியில ஏதோ இருக்கு," என்றார் மேடம். "அண்ணே, என்ன பாக்கறீங்க?"

மூட்டை கரையோரம் குந்தியிருந்தார். செத்த மீன்களுக்கு நடுவே ஒரு நண்டு, அவசரமே இல்லாமல், வாடகை பாக்கி இல்லாத குடித்தனக்காரனைப்போல நடந்து போனது. அதன் பின்னால் இன்னொன்று. மூட்டை கையை விட்டுத் தண்ணீரை அள்ளினார். விரலிடுக்கில் இரண்டு பொடி இறால் துள்ளின.

"மீனு ஒண்ணு பாக்கியில்லாம செத்திருக்கு. நண்டு, இறாலுக்கு ஒரு தும்மல்கூட வரல," என்றார். பிறகு அந்த நுரையைத் தொட்டு இரண்டு விரலால் தேய்த்தார். சோப்புபோல வழுக்கியது. எழுந்து நின்றபோது அவர் குரலில் கிண்டல் இல்லை. "மேடம், இதை நான் முதுகுல சுமந்திருக்கேன். ஒரு தரம் மழையில லோடு ஏத்தினோம். சாக்கு நனைஞ்சு, முதுகெல்லாம் நுரை நுரையா வழிஞ்சுது. கூட இருந்தவன், குளிக்காமலே குளிச்சுட்டேடான்னான். தேயிலை விதைப் புண்ணாக்கு. இறால் வளக்கப்போற குளத்துல முன்கூட்டியே போடுவாங்க. மீனை மட்டும் தீத்துரும். இறாலை ஒண்ணும் பண்ணாது."

மேடம் கொழுந்தனாரைப் பார்த்தார். "உங்ககிட்ட இருக்கா?"

இருக்கிறது என்று அவர் சொல்வதற்கு நேரம் பிடித்தது. ஐந்தாம் குளத்தில் இறால் விடப்போவதற்காக, போன மாதம் பண்ணையை மூடிக்கொண்டு போன ஒருவரிடம் பாதி விலைக்கு எட்டு மூட்டை வாங்கினாராம். பொடியாக, கைக்குக் கிடைத்த பழைய சாக்குகளில் கட்டிக் கொடுத்தார்களாம்.

கிடங்கைத் திறந்தார்கள். எண்ணினால் ஏழு.

மூட்டை ஏழையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்று அரிசிச் சாக்கு, ஒன்று உரச் சாக்கு. மூன்றாவதைப் புரட்டினால் அதன் முதுகில் நீல மீன் முத்திரை. அண்ணியின் சாக்கு, உள்ளே தேயிலை விதைப் பொடி. காலித் தீவனச் சாக்கை யார்தான் தூக்கிப் போடுகிறார்கள். ஊர் முழுக்க அதில்தான் எல்லாவற்றையும் கட்டுகிறார்கள். அந்த ஏழுக்கும் பின்னால், சுவரோரம், இன்னொரு நீல முத்திரை மூட்டை நின்றது. வாயில் சிவப்பும் வெள்ளையுமாகப் புதுத் தையல். ஒரு கண்ணிகூடக் கழலவில்லை. மூட்டை மூக்கை வைத்தார். வெந்தயம்.

"திங்கக்கிழமை வந்த விதைப்பொடி இதுதான்," என்றார். "இன்னும் வாயே தொறக்கல, பாவம். அதுக்குள்ள கொலைக் கேசு."

அலமாரியிலிருந்த சாட்சிச் சாக்கைக் கொண்டுவரச் செய்தார் மேடம். மூட்டை அதன் வாயைப் பிரித்துக் காட்டினார். தைத்த ஓட்டைகள் பழசாகிப் பிய்ந்திருந்தன. அதற்குக் கீழே சணல் இறுக்கிக் கட்டியதன் சுருக்கம் வட்டமாக இன்னும் இருந்தது. ஆலையிலிருந்து வருவது தைத்த வாய். இது கட்டிய வாய்.

கிடங்குக்குள் புழுக்கம். மணி இரண்டு ஐம்பது. மூட்டை கொழுந்தனாரை மேலும் கீழும் பார்த்தார். நாலு லட்சத்துச் சொச்சம் பாக்கி. எட்டாவது மூட்டையைக் குளத்தில் கொட்டினால் பாக்கியும் போகும், பழியும் அண்ணிமேல் போகும். கணக்கு அழகாகப் பொருந்தியது. அதை அவர் பாதிதான் சொன்னார். கொழுந்தனார் அவர் பக்கம் திரும்பினார்.

"ஒன்றரை டன் மீன் என்ன விலை போகும்னு தெரியுமாய்யா? அதை வித்திருந்தா அண்ணி பாக்கியையும் கட்டிட்டு, மேல ரெண்டு லட்சம் கையில நின்னிருக்கும். அடுத்த வாரம் பிடிக்கிறதா இருந்தேன்."

"தெரியும்," என்றார் மேடம். "அதனாலதான் நீங்க இல்ல. இந்தக் குளத்துல கை வெக்கிற ஆள் யாரு?"

அந்த ஆளுக்கு நீச்சல் என்று பெயர். நீச்சல் தெரியாது, அதனால் அந்தப் பெயர். ஐம்பது வயது. பண்ணைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நேற்று மதியத்திலிருந்து உடம்பு சரியில்லை என்று அறையிலேயே கிடக்கிறாராம்.

பம்பு அறையை ஒட்டி எட்டுக்கு எட்டில் ஒரு அறை. மோட்டார் ஓடுகிற அதிர்வில் சுவர் விடாமல் நடுங்கியது. கொடியில் ஒரு சட்டை. மூலையில், வாய் இழுத்துக் கட்டிய ஒரு பை. நீச்சல் அந்தப் பையின்மேல் கையை வைத்தபடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியூர் போகப் பை கட்டி, போகவும் முடியாமல் நேற்றிலிருந்து இப்படியே இருக்கிறவர் என்று மூட்டைக்குப் பார்த்ததுமே தெரிந்தது. வேலையில் சரக்குக் கொட்டிப்போன அன்று அவரும் இப்படி உட்கார்ந்திருக்கிறார்.

அதே நேரம் வெளியே ஆட்டோ வந்து நின்றது. நாலு மணிக்காக ஆலையில் உட்கார்ந்து காத்திருக்க முடியவில்லை என்று ஆலைக்காரம்மாவே வந்துவிட்டார். உள்ளே இடமில்லை. வாசற்படியில் நின்றார்.

மேடம் குந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், திங்கள்கிழமை குளத்தில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

"விதைப்பொடி," என்றார் நீச்சல். "போடச் சொன்னாங்க, போட்டேன். நுரை வந்தப்பவே ஏதோ தப்புன்னு தெரிஞ்சுது. வாரி எடுக்க முடியாதே."

சொல்லும்போதே கொழுந்தனார் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். மூட்டை நடுவில் நின்றார். இருபத்திரண்டு வருஷ மூட்டைக்கு நகராத உடம்பு, இந்த ஒரு கைக்கும் நகரவில்லை.

"யார் சொன்னாங்க?" என்றார் மேடம்.

நீச்சல் பையை அவிழ்த்தார். ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் சம்பளச் சீட்டுகள், ஒரு பழைய படம், நாலாக மடித்த ஒரு தாள். படிக்கத் தெரியாதவர்கள் தாளைத் தூக்கிப் போட மாட்டார்கள். எது எப்போது காப்பாற்றும் என்று அவர்களுக்குத் தெரியாதே. மேடம் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் தாள் மூட்டையின் கைக்கு வந்துவிட்டது. அவர் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார்.

"மூன்... றாம்... குளத்... துக்கு... விதைப்... பொடி... ஒரு... மூட்டை... போட... வும்."

மறுபடி முதல் எழுத்திலிருந்து விரலை ஓட்டினார்.

வேகமாகப் படிக்கிறவர்கள் தாளில் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுவார்கள். மூட்டைக்கு அந்த வசதி கிடையாது. தாளில் எத்தனை எழுத்து இருந்ததோ அத்தனைதான். அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"தீவனத்துல கலந்துன்னு எங்கயும் இல்லையே மேடம். குளத்துக்குன்னுதான் இருக்கு. இவரு குளத்துக்குத்தான் போட்டிருக்காரு. விதைப்பொடின்னு இருக்கு. இங்க எல்லாரும் தேயிலை விதையைத்தான் அப்படிச் சொல்றாங்க போல. மீன் படம் போட்ட சாக்குல, விதைப்பொடியை, குளத்துக்குப் போட்டிருக்காரு. ஒரு எழுத்துகூட இவரு மீறல."

மேடம் தாளை வாங்கி ஒருமுறை பார்த்தார். பிறகு வாசற்படியைப் பார்த்தார்.

ஆலைக்காரம்மா நிலைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் கையெழுத்து," என்றார். "நாங்க அப்படித்தான் சொல்லுவோம். குளத்துக்கு ஒரு மூட்டைன்னா, அந்தக் குளத்துக்குக் கணக்கா ஒரு மூட்டை. ஒன்றரை மாசத் தீவனத்துக்கு வரும். எங்க ஆளுங்க எல்லாருக்கும் அது புரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "எங்க ஆளுங்களுக்கு."

யார் படித்துச் சொன்னது என்று மேடம் நீச்சலைக் கேட்கவில்லை. கேட்கத் தேவை இல்லாமல் போயிற்று. கொழுந்தனார் சுவரில் சாய்ந்துகொண்டார். போனில் யாரிடமோ மீன் விலை பேசிக்கொண்டே, வண்டிக்காரர் நீட்டிய சீட்டை வாங்கி, உரக்கப் படித்து, நீச்சல் கையில் கொடுத்ததை அவரே சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம்.

"அடிக்கிறதுன்னா வரிசை தப்பாம அடிங்க," என்றார் மூட்டை. "முதல்ல எழுதுன கை. அடுத்தது படிச்ச வாய். இவரு மூணாவது ஆளு."

மணி மூன்று முப்பத்தைந்து. மேடம் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். தீவனம் குற்றவாளி இல்லை என்று காட்டத்தான் என்னைக் கூப்பிட்டார்கள், அது முடிந்தது என்றார். இந்தச் சீட்டை அதிகாரியிடம் கொடுப்பதா வேண்டாமா என்பது இங்கே இருக்கிற மூன்று பேரின் பாடு. கொடுத்தால் ஆலைக்காரம்மாமேல் புதுப் புகார் எழுதலாம். கொட்டிய ஆள்மேல் வழக்கும் போடலாம்.

தாள் இப்போது கொழுந்தனார் கையில் இருந்தது. அவர் அதையே பார்த்தார். செத்த மீன் அத்தனைக்கும் அந்த ஒரு வரியைக் காட்டி நஷ்ட ஈடு கேட்கலாம். அது எல்லாருக்கும் தெரிந்தது. நீச்சல் அவிழ்த்த பையை மறுபடி இழுத்துக் கட்டினார். ஒன்றரை டன் மீனுக்குத் தன் ஆயுசுச் சம்பளம் காணாது, ஜெயிலுக்கு வேண்டுமானால் வருகிறேன் என்று முணுமுணுத்தார்.

"தம்பி," என்றார் ஆலைக்காரம்மா. கல்யாணமான நாளிலிருந்து கொழுந்தனாரை அப்படித்தான் கூப்பிடுவார். நேற்றிலிருந்துதான் கூப்பிடவில்லை. "உங்க மீனு என் வார்த்தையால செத்துச்சு. அந்தப் பாக்கி எனக்கு வேண்டாம். இந்த மனுஷனை வேலையை விட்டு அனுப்பாதீங்க. எனக்கு அது போதும்."

"நானும்தானே அண்ணி படிச்சேன். பாதியாவது..."

"படிச்சது நீங்க. எழுதுனது நான்."

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. கொழுந்தனார் தாளை நாலாக மடித்து நீச்சலிடமே திருப்பிக் கொடுத்தார்.

அதிகாரிக்கு அவசரம். சாட்சிச் சாக்கை வாங்கிக்கொண்டு அப்படியே ஆலைக்குப் போய்விடலாம் என்று வந்தவருக்கு மேடம் மூன்றே விஷயம் காட்டினார். தையல் பிரியாத மூட்டை, கட்டிய வாய்ச் சாக்கு, வயிறு காலியான மீன். கொழுந்தனார் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பண்ணைக் கிடங்கில் சாக்கு மாறிப்போய்விட்டது, தீவனத்தின்மேல் குறை இல்லை, அவ்வளவுதான். யார் மாற்றியது என்று அதிகாரி கேட்டார். "நான்," என்றார் கொழுந்தனார். நீச்சல் நிமிர்ந்து பார்த்தார். சீல் வைக்கக் கொண்டுவந்த அரக்கும் நூலும் வீண் என்று அதிகாரி அலுத்துக்கொண்டார். போகிற வழியில் வேறு யாராவது மாட்டாமலா போவார்கள் என்று மூட்டை ஆறுதல் சொன்னார்.

ஜீப் போனதும் ஆலைக்காரம்மா கைப்பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்தார். பம்பு அறைத் திண்டின்மேல் வைத்து, அந்தக் கணக்கின் குறுக்கே ஒரே வார்த்தை எழுதிக் கொழுந்தனாரிடம் நீட்டினார். தள்ளுபடி.

அவர் வாங்கினார். படித்தார். இந்த முறை மெதுவாகப் படித்தார்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. தள்ளுபடின்னா... எத்தனை சதவீதம்?"

யாரும் சிரிக்கவில்லை. ஆலைக்காரம்மா அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார். துணிக்கடை வாசலில் சிவப்புத் துணியில் தொங்குகிற அதே வார்த்தைதான். புத்தகத்தைத் திரும்ப வாங்கி, அதை அடித்துவிட்டு, கீழே எழுதினார். எழுதி முடித்துத் தானே படிக்கவில்லை. மூட்டையிடம் கொடுத்தார்.

மூட்டை எழுத்துக் கூட்டினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நாலு லட்... சத்துப் பதி... னேழா... யிரத்து அறு... நூற்று நாற்... பது. முழு... தும் விட்டு... விட்டேன். பாக்கி... இல்லை."

"வேற எதாவது அர்த்தம் வருதா?" என்றார் ஆலைக்காரம்மா.

மூட்டை இன்னொருமுறை ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார்.

"வரலைம்மா."